ஹில்டா வீட்டுப் பரணில் ஒரு வாளித் தண்ணீர்

வீட்டைப் பார்த்ததும் என் மனைவி பாண்டியம்மா காரைவிட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"கவிதா, இது சாஞ்சுக்கிட்டு இருக்குடி."

"அது எப்பவும் அப்படித்தாம்மா இருக்கு. எறங்கு."

"எப்பவும்னா?"

"ஐந்நூறு வருசமா."

பாண்டியம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் வீட்டைப் பார்த்தேன். கீழ்த்தளத்தைவிட மேல்தளம் முன்னால் துருத்திக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு நிற்கும் ஆளின் வயிறு மாதிரி தெருவைப் பார்த்து நின்றது. கறுத்த மரச்சட்டங்கள், நடுவில் வெள்ளைப் பூச்சு. ஒரு சட்டமாவது நேராக இருக்க வேண்டுமே! ஜன்னல் ஒரு பக்கம் சாய்ந்தால் கதவு இன்னொரு பக்கம் சாய்ந்தது. கூரையின் முதுகு கிழட்டு மாட்டின் முதுகைப்போல நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது.

திருமங்கலத்தில் எங்கள் வீடு கவிதா பிறந்த வருடம் கட்டியது. அதை இப்போது எல்லாரும் பழைய வீடு என்கிறார்கள். மேல்தளக் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறது, இடித்துவிட்டுக் கட்டு என்று கொத்தனார் வருடம் தவறாமல் சொல்கிறார். ஐந்நூறு வருட வீட்டுக்குள் பிள்ளைத்தாய்ச்சியாக என் மகள் குடியிருக்கிறாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

கவிதாவுக்கு அந்த வெள்ளைக்காரர் நாட்டில், பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், பிரசவ நேரத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை துணைக்கு நாங்கள் போனோம். நான் படித்தது பத்தாம் வகுப்பு. கப்பலூரில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் பல வருடமாக வேலை. புது ஆளிடம் பேச எனக்கு நாக்கு எழாது. பஸ் என் ஸ்டாப்பைத் தாண்டிப் போனாலும் நிறுத்தச் சொல்ல மாட்டேன், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவேன். பேசுகிற வேலை எல்லாம் பாண்டியம்மாவுடையது.

உள்ளே நுழைந்ததும் நெற்றியில் நிலைப்படி இடித்தது. நான்கு எட்டு வைப்பதற்குள் ஒரு உத்தரம் இடித்தது. பாண்டியம்மா குட்டை. நேராக நடந்து போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"குட்டை குட்டைன்னு என்னைய எம்புட்டு கேலி பேசியிருப்பீக. இந்த ஊர்ல நான்தான் அளவு."

சமையலறையில் ஒரு வெங்காயத்தைத் தரையில் வைத்தாள். அது தானாகக் கிளம்பி அடுப்பைத் தாண்டி மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் சிரிப்பு அதோடு நின்றது. மாடியில் கட்டிலின் இரண்டு கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். அதற்கு அடுத்த சின்ன அறைதான் குழந்தைக்கு என்று கவிதா ஒதுக்கியிருந்தாள். அதன் நடுவில் ஒரு பாத்திரம் இருந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. பாத்திரத்துக்குள் ஒரு சொட்டு விழுந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கறுப்பாக இருந்தது.

"அடி ஆத்தி, இந்த ரூம்புலயா புள்ளையப் போடப்போற?" என்றாள் பாண்டியம்மா.

"கூரையைச் சரி பண்ணணும்மா. ஆனா நம்ம இஷ்டத்துக்குப் பண்ண முடியாது. இது பாதுகாக்கப்பட்ட வீடு. ஓடு மாத்தணும்னாலும் கவுன்சில்ல கேக்கணும். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பாக்குறாங்க. சரின்னு சொன்னாத்தான் வேலை நடக்கும்."

"இல்லைன்னு சொன்னா?"

"வேற வீடு பாக்கணும். இந்த வயித்தோட எங்க போய்ப் பாக்குறதுன்னுதான் தெரியல."



மறுநாள் வீட்டுக்காரம்மா டீ குடிக்கக் கூப்பிட்டார். ஒரே வீடுதான், நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள், பரண் மட்டும் பொது. ஒரு பாதியில் கவிதா, மறுபாதியில் ஹில்டா. எண்பதைத் தாண்டியவர். கணவர் ஆர்தர் இறந்து சில வருடம் ஆகிறதாம். முழங்கால் மடங்காது. ஆனால் பேச ஆரம்பித்தால் நம்ம ஊர் கல்யாண மண்டப வாசலில் நிற்கிற அம்மாள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார். எனக்கு அந்தக் கையை எப்போது விடுவிப்பது என்று தெரியவில்லை.

டீ வந்தது. கூடவே ஒரு சின்ன ஜாடியில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால்.

"பச்சப் பாலையா ஊத்துறாக?" என்று பாண்டியம்மா மெதுவாகக் கேட்டாள்.

"சும்மா குடிம்மா."

"காய்ச்சத் தெரியாதாமா?"

"அம்மா!"

ஹில்டா வீட்டின் கதையைச் சொன்னார். கவிதா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்த வீட்டில் சுவர் எதையும் தாங்கவில்லை. தாங்குவது மரம்தான். ஓக் மரத்தைப் பச்சையாகவே வெட்டி, தரையில் படுக்கவைத்துச் சட்டம் சட்டமாக இழைத்து, ஒவ்வொரு பொருத்துக்கும் ஒரே குறியை இரண்டு பக்கமும் செதுக்கி, பிறகு ஊரே கூடித் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். இரும்பு ஆணி கிடையாது, மர ஆணிதான். பச்சை மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும். வீடு கோணியது அதனால்தான். கோணினாலும் பொருத்து இறுகுமே தவிர விடாதாம்.

"அப்ப சுவத்துக்குள்ள என்ன இருக்கு?" என்று பாண்டியம்மா கேட்டாள்.

கவிதா கேட்டுச் சொன்னாள். "மிளாறைப் பின்னித் தட்டி மாதிரி வச்சு, மேல களிமண்ணு, வைக்கோலு, சாணி."

"சாணியா?"

"மாட்டுச் சாணிதாம்மா."

பாண்டியம்மா டீ கப்பை வைத்துவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "வெள்ளக்காரன் வீட்டுலயா! நம்மளப் பாத்து என்னென்ன பேசுனாய்ங்க!" ஹில்டாவுக்கு எதுவும் புரியவில்லை. ஆனாலும் பாண்டியம்மாவின் முகத்தைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார். அந்த நிமிடம் முதல் இரண்டு பேரும் சிநேகிதிகள்.

கதை இன்னும் இருந்தது. முதலில் கட்டியபோது மாடியே கிடையாது. புகைபோக்கியும் கிடையாது. தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே கூடம். நடுத்தரையில் நெருப்பு மூட்டிச் சமைத்து, அதைச் சுற்றியே ஆளும் பேருமாகப் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். புகை அண்ணாந்து போய் வைக்கோல் கூரைக்குள் புகுந்து வெளியேறும். பல தலைமுறைக்குப் பிறகு ஒருவர் செங்கலில் புகைபோக்கி கட்டினார். புகை போக வழி கிடைத்ததும் கூடத்துக்கு நடுவில் பலகை அடித்து மாடி வந்தது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் கூலிக்காரக் குடும்பங்களுக்கு அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். ஒரு காலத்தில் மரம் தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று மொத்தத்தையும் பூசி மறைத்தார்களாம். இன்னொரு காலத்தில் மரம் தெரிந்தால்தான் கௌரவம் என்று பூச்சைச் சுரண்டி எடுத்தார்களாம்.

"ஆனால் பழைய கூடம் இருந்ததற்குச் சாட்சி இன்னும் பரணில் இருக்கிறது" என்றார் ஹில்டா. குரல் தணிந்துவிட்டது. "கூரையைத் தாங்கும் கைமரங்கள் எல்லாம் கறுப்பு. வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை புகை படிந்த கரி. இந்த வட்டாரத்தில் இவ்வளவு நீளக் கூடம் வேறெங்கும் இல்லை. என் ஆர்தர்தான் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து முதன்முதலாக அதைப் பார்க்கப்போகிறார்."

எழுந்து வரும்போது பாண்டியம்மா பரண் இருக்கும் பக்கம் அண்ணாந்து பார்த்தாள். "பாவம்ங்க. அம்புட்டு வருசத்துக் கரி. முட்டியும் மடங்கல. ஆருதான் ஏறி அடிப்பாக?" என்றாள். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை கவிதா காரை எடுத்துக்கொண்டு செக்கப்புக்குப் போனாள். அவள் போன பிறகுதான் இஞ்சி தீர்ந்துபோனது தெரிந்தது. பாண்டியம்மா என்னைப் பஸ்ஸில் டவுனுக்கு அனுப்பினாள். மணிக்கு ஒரு பஸ். கொஞ்சம் முன்னதாகவே போய் நின்றேன். பஸ் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பஸ் நிற்காமல் போய்விட்டது.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறாமல் தப்பிப்பதுதான் கஷ்டம். திருநெல்வேலி, திருநெல்வேலி என்று பையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடுவார்கள், நாம் திருமங்கலம் போகிறவர் என்றால் சண்டை போட்டுப் பையை மீட்க வேண்டும். இங்கே கையை நீட்டினால்தான் நிறுத்துவார்களாம். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு பெரியவர் நாயோடு வந்து நின்று கையை நீட்டினார். அவர் புண்ணியத்தில் ஏறினேன். இறங்கும்போது ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள், நாய்க்காரரும் சொன்னார். எனக்குத் தொண்டை வரை வந்தது, வெளியே வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மாடிப்படியில் ஒரு கறுப்புக் கால் இறங்கி வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பாண்டியம்மா முழுவதும். முகம், கை, சேலை எல்லாம் கரி. கையில் வாளி, அதற்குள் கம்பி நார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"முடிச்சுட்டேங்க" என்றாள்.

"என்னத்த?"

"பரணு. நம்ம பக்கம் பூராம் தேச்சுட்டேன். ஹில்டாம்மா பக்கத்துலயும் பாதி. அந்தப் புகைபோக்கிக்கிட்ட ரெண்டு மரம்தான் என்னா தேச்சும் போகல, அது சனியன். நாளைக்கு அதிகாரி வாராகள்ல? கரியும் ஒட்டடையுமாக் கெடந்தா என்ன நினைப்பாக?"

எனக்கு இஞ்சிப் பை கையிலிருந்து நழுவியது. ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் ஒரு அதிகாரி வருகிறார் என்றால் ரோட்டின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கோடு இழுப்பார்கள். எங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முதல் நாளே மிஷினுக்கு விபூதி, சுவருக்குச் சுண்ணாம்பு. அதிகாரி வருவதற்கு முன் அழுக்கை எடுக்காமல் வைப்பார்கள் என்று யாராவது சொன்னால் நானும் சிரித்திருப்பேன்.

"பாண்டியம்மா, அந்தக் கரிதான் சாட்சின்னு அவுக சொன்னாகள்ல" என்றேன்.

"சாட்சியா? கரியா?"

"அதைத்தான் அதிகாரி பாக்க வாராக."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில் கவிதா உள்ளே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"அம்மா, மேல போயி என்ன பண்ண?"

"கழுவுனேன்டி. வேற ஒண்ணும் பண்ணல."

"அதைத் தொட்டாலே குத்தம்மா! கேஸ் போடுவாங்க!"

"கழுவுனதுக்கா கேஸு?"

கவிதா அழ ஆரம்பித்துவிட்டாள். "இனிமே எங்க கூரை போடுவாங்க? வீட்டையே காலி பண்ணச் சொல்லுவாங்க." பாண்டியம்மா கரிக்கையோடு அவளைத் தொடப் போய், தொடாமல் நின்றாள்.

சத்தம் கேட்டு ஹில்டா வந்தார். கவிதா ஆங்கிலத்தில் சொன்னாள், எனக்குப் புரிந்தது 'சாரி' மட்டும்தான், அது திரும்பத் திரும்ப வந்தது. ஹில்டா நேராக மாடிக்குப் போனார். பரண் ஏணியில் அவர் ஏறுவார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் முழங்காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினார். நான் பின்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். டார்ச் வெளிச்சத்தில் கைமரங்கள் ஈரமாக, பழுப்பாக, பளிச்சென்று இருந்தன.

"ஓ" என்றார் ஹில்டா.

அவ்வளவுதான். அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று ராத்திரி பாண்டியம்மா சாப்பிடவில்லை. "ஊருக்குப் போயிருவோமாங்க?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பாண்டியம்மா ஜன்னலில் நின்றாள். சைக்கிளில் ஒரு சின்னப் பெண் வந்து இறங்கினாள். சேறு பிடித்த பூட்ஸ், முதுகில் பை.

"அதிகாரி எங்கடி?"

"இவங்கதான்."

"ஜீப்பு? ஒரு பியூன்கூட இல்லையா?"

பரணில் இடம் குறுகல். கவிதாவால் ஏற முடியாது. அதிகாரி, ஹில்டா, டார்ச் பிடிக்க நான், என் பின்னால் பாண்டியம்மா. கவிதா கீழே ஏணியடியில் நின்றுகொண்டாள், மேலே பேசுவதைக் கேட்டுக் கத்தி மொழிபெயர்ப்பது என்று ஏற்பாடு. அதிகாரி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மரமாகத் தடவிக்கொண்டே போனாள். ரொம்ப நேரம். பிறகு திரும்பி ஒரு கேள்வி கேட்டாள்.

"இதை யாரு கழுவுனதுன்னு கேக்குறாங்க!" என்று கவிதாவின் குரல் கீழிருந்து வந்தது.

பாண்டியம்மா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் பேசுகிறவள் பேசவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"மை ஒய்ஃப்" என்றேன். "அண்ட் மீ. போத்."

வெளிநாட்டு மண்ணில் நான் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அதிகாரி என்னைப் பார்த்தாள், பாண்டியம்மாவின் நகக்கண்ணில் இருந்த கரியைப் பார்த்தாள். அடுத்த கேள்வி வந்தது.

"எப்படிப் போச்சு, சுலபமாவா கஷ்டப்பட்டான்னு கேக்குறாங்கம்மா!"

பாண்டியம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னாள். "நாலு இழுப்புலயே போச்சுங்க. சாயம் மாதிரி ஓடுச்சு. இந்த ரெண்டு மரம்தான் போகல."

கவிதா சொல்லி முடித்ததும் அதிகாரி புகைபோக்கி ஓரம் இருந்த அந்த இரண்டு மரங்களிடம் போய் நகத்தால் சுரண்டினாள். எதுவும் வரவில்லை. அங்கே கரி தார் மாதிரி இறுகி, மினுங்கியது. பிறகு ஹில்டா பக்கம், பாண்டியம்மாவின் கை எட்டாத ஒரு மூலைக்குப் போய் விரலால் தேய்த்தாள். விரல் கறுத்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். கறுப்புக்குள் மெல்லிய கோடு கோடாக ஏதோ தெரிந்தது. பிரஷ் இழுத்த தடம்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். கவிதா கீழிருந்து, இப்போது கத்தாமல் சொன்னாள். "அந்த ரெண்டு மரம்தான் பழைய கூடத்தோட மரமாம்ப்பா. நிசப் புகை அப்படித்தான் இறுகுமாம், கழுவுனாலும் போகாதாம். மத்ததெல்லாம் பின்னால எப்பவோ கூரையை மாத்திக் கட்டுனப்ப போட்டதாம். மிஷின்ல அறுத்த பைன் மரம், அறுத்த கோடு தெரியுதாம். அதுக்கு யாரோ கரியையும் பசையையும் கலந்து கறுப்புச் சாயம் அடிச்சிருக்காங்க. ரொம்ப நாள் ஆகலையாம்."

யாரோ என்று சொன்னாள். பரணில் இருந்த எல்லாருக்கும் யார் என்று தெரிந்துவிட்டது. நான் ஹில்டாவைப் பார்க்காமல் இருக்க டார்ச்சைப் பார்த்தேன்.

ஹில்டாதான் பேசினார். சிறு சிறு வாக்கியங்களாக. கவிதா ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அந்த வருஷம் எனக்கு உடம்பு ரொம்ப மோசம். கோடை முழுவதும் படுக்கை. ஆர்தர் தினம் பரணுக்குப் போவார். சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு இன்னொரு கறுத்த மரம் கிடைத்தது, கூடம் இன்னும் நீளம் என்பார். அடுத்த நாள் எது கிடைக்கும் என்று நான் காத்துக்கொண்டே இருப்பேன்." கடைசியாக ஒன்று சொன்னார். "அவர் கை எப்போதும் கரியாக இருந்தது. நான்தான் துடைத்துவிடுவேன்."

அதிகாரி தரையில் உட்கார்ந்து எழுதினாள். பழைய மரம் இரண்டையும் யாரும் தொடக்கூடாது, வாளி எதுவும் பரணுக்கு ஏறக்கூடாது என்று பாண்டியம்மாவைப் பார்த்தே சொன்னாள். குழந்தை அறைக்கு மேலேயும் ஹில்டா பக்கத்து மூலையிலும் இருந்த மரங்கள் அவ்வளவு பழையவை இல்லை என்பதால் அழுகியதை மாற்றுவதற்குத் தடை இருக்காது என்றாள். கவிதா கீழே ஏணியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

எங்களுக்குக் கூரை கிடைத்தது. ஹில்டாவின் கூடம் பாதிக்குமேல் போய்விட்டது. அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அனுமதிக் காகிதம் வருவதற்குச் சில வாரங்கள் ஆயின. அதுவரை கூரைமேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள், மதுரையில் மழைக்காலத்து மாடிகளைப்போலவே. அந்தத் தார்ப்பாய் சடசடத்துக்கொண்டிருந்தபோதே பேத்தி பிறந்தாள். மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். கூரை வேலைக்கு வந்த தச்சர்கள் வெட்டி எடுத்த மரங்களைத் தோட்டத்தில் அடுக்கினார்கள். ஹில்டா கம்பு ஊன்றிக்கொண்டு வந்து அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில் ஒரு கட்டையைக் காட்டி, இதை அறுத்துக் கொடுங்கள் என்றார். பாண்டியம்மா தேய்க்காத மூலையிலிருந்து வந்தது அது. பிரஷ் தடம் அப்படியே இருந்தது.

குழந்தையின் அறையில் பாத்திரம் போய்த் தொட்டில் வந்த மறுநாள், ஹில்டா எங்களை டீக்குக் கூப்பிட்டார். அந்தக் கட்டை அவர் வீட்டுக் கணப்புக்கு மேலே, நட்டநடுவில், ஆர்தரின் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பாண்டியம்மா அதைப் பார்த்தாள். பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டுதான் போயிருந்தாள். ஹில்டா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டினார்.

கிளம்பும்போது பாண்டியம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. டீ சிந்திய மேஜையைத் துடைத்தாள். அப்படியே துணியோடு கணப்பு மேடைக்குப் போனாள்.

"நோ!" என்று ஹில்டா கத்தினார். அவர் கத்தி நாங்கள் கேட்டது அதுதான் முதல்முறை. அவரே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"தொடலம்மா. அதைத் தொடுவேனா நான்?" என்றாள் பாண்டியம்மா, தமிழில்.

பிறகு ஆர்தரின் படத்தைத் துடைத்தாள். படத்துக்கு அடியில் துடைத்தாள். அந்தக் கட்டையைச் சுற்றிலும், அதன் விளிம்பு வரைக்கும் துணியைக் கொண்டுபோய், அதன்மேல் படாமல் துடைத்துவிட்டு வந்தாள்.